தேர்வில் எல்லோரும் பாஸ், வேலையில் அதே பிழை: பாடத்தில் எதை மாற்றுவது?

இன்ஸ்ட்ரக்‌ஷனல் டிசைன் (பயிற்சிப் பாடங்களை வடிவமைக்கும் துறை) தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். புதிய மென்பொருளில் பில் பதியப் பழக்கும் 40 நிமிட ஆன்லைன் பாடம். கடைசியில் 10 கொள்குறி வினா, எல்லோரும் பாஸ். வேலையில் மட்டும் பிழை குறையவில்லை. வினாக்கள் 'இந்தப் பட்டன் எதற்கு?' என்று நினைவாற்றலைத்தான் சோதிக்கின்றன. 'தொகை பொருந்தவில்லை, அடுத்து என்ன செய்வீர்கள்?' என்ற மாதிரி ஒன்றுகூட இல்லை. துறை நிபுணர் தந்த 90 ஸ்லைடும் அப்படியே பாடத்தில் ஏறிவிட்டன (அவருக்கு எல்லாமே முக்கியம்!).

பயிற்சியின் பலனை நான்கு நிலைகளில் மதிப்பிடும் கிர்க்பாட்ரிக் மாதிரியின் 3-ஆம் நிலையை, அதாவது வேலையில் வரும் நடத்தை மாற்றத்தை, அளக்க வேண்டும். பயிற்சிக்கு முன் 4 வாரம், பின் 4 வாரம் பிழைகளை எண்ணினால் போதுமா? பாடத்தைப் பாதியாக்கி, மேசையில் வைக்க ஒரு பக்கக் குறிப்பு தரலாமா? ஸ்லைடுகளை வெட்ட நிபுணரிடம் என்ன கேட்பீர்கள்?