வயலுக்குக் கொண்டுசெல்ல எந்தப் பிளாஸ்க் நல்லது?

கேள்வி – களுவாஞ்சிக்குடி

எனது தந்தையார் விடியற்காலையில் படுவான்கரையிலுள்ள வயலுக்குச் சென்று பிற்பகலிலேயே திரும்புவதால், பிளேன்டீயும் மதியச் சோறு கறியும் சூடாக இருக்கத்தக்க பிளாஸ்க் வாங்க எண்ணியுள்ளேன். உட்புறம் கண்ணாடியாலானதா, உருக்கினாலானதா நல்லது? இரண்டுக்கும் ஒன்றே போதுமா?

மறுமொழி – அக்கரைப்பற்று

கண்ணாடியை விட்டுவிடுங்கள். சூட்டைக் காப்பதில் அது சளைத்ததல்ல. ஆனால் கிரவல் வீதியில் மோட்டார் சைக்கிள் குலுங்கினால் உள்ளே நொறுங்கிவிடக்கூடும். இரு சுவர்களுக்கிடையேயுள்ள வெற்றிடமே (ஜேம்ஸ் டூவர் 1892இல் வகுத்த முறை) சூட்டைக் காப்பதால், வெப்பம் பெரும்பாலும் வாயினாலும் மூடியினாலுமே வெளியேறுகிறது. ஆகவே தேநீருக்கு ஒடுங்கிய வாயுள்ளதும், சோற்றுக்கு அகன்ற வாயுள்ளதுமாக இரண்டு வேண்டும்.

மறுமொழி – மட்டக்களப்பு

உருக்குப் பிளாஸ்க்கை வாங்கிய அன்றே கொதிநீர் நிரப்பி மூடி, சற்று நேரத்தின் பின் வெளிப்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். உடல்பகுதி சுட்டால் வெற்றிடம் பழுதாகியுள்ளது, பற்றுச்சீட்டுடன் மாற்றிக்கொள்ளுங்கள். சோறு இடுமுன் கொதிநீரால் உட்புறத்தைச் சூடாக்கி, ஆவி பறக்கும்போதே விளிம்புவரை நிரப்ப வேண்டும். உணவின் சூடு 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் கிருமிகள் பெருகத் தொடங்கும் என்பதால், தேங்காய்ப்பால் கறியை நண்பகலுக்குள் உண்டுவிடச் சொல்லுங்கள்.

கேட்டவர்

மிக்க நன்றி. மீன்கறி வாடை தங்கிவிடாதா?

மறுமொழி – அக்கரைப்பற்று

தங்குவது மூடியின் இறப்பர் வளையத்தில்தான். அதைக் கழற்றிக் கழுவக்கூடிய வகையைத் தெரிவுசெய்து, கழுவிய பின் மூடாமல் உலரவிடுங்கள்.