கப்பலில் முறிந்த காலும் கையெழுத்துக் கேட்டு வந்த காகிதமும்

என் தம்பி மகன் ஏற்காட்டில் பிறந்து வளர்ந்தவன். காப்பியும் மிளகும் விளையும் ஊரிலிருந்து கப்பல் வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் குடும்பத்தில் அவன்தான். 2018-இல், பனாமாவில் பதிவாகி அந்த நாட்டுக் கொடி ஏந்திய ஒரு சரக்குக் கப்பலைத் துறைமுகத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது, இழுவிசை தாங்காமல் அறுந்த கயிறு வீசியடித்ததில் அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்தன. அங்கேயே அறுவை சிகிச்சை செய்து, கப்பல் உரிமையாளர் செலவில் ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை.

வாரம் இரண்டு முறை, கம்பி வைத்த காலைக் காரின் பின் இருக்கையில் நீட்டிக்கொண்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து சேலத்துக்கு பிசியோதெரபிக்கு வருவான். வளைவுக்கு வளைவு என் தம்பி அவன் குதிகாலை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொள்வான். இப்படி அலைந்துகொண்டிருந்த ஐந்தாவது மாதத்தில், அவனை வேலைக்கு எடுத்த மும்பை ஏஜென்சியிலிருந்து ஒரு காகிதம் வந்தது. 4 லட்சம் ரூபாய் பெற்றுக்கொண்டு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று அவன் கையெழுத்திட வேண்டும். கயிறு பாயும் இடத்தில் நின்றது அவனுடைய கவனக்குறைவு என்றும், 16 வாரம் கடந்துவிட்டதால் இனித் தங்களுக்குப் பொறுப்பில்லை என்றும் போனில் சொன்னார்கள். கடன் கழுத்தை நெரித்த நேரம் என்பதால், தம்பி மகன் கையில் பேனாவைக் கொடுத்தேவிட்டான்.

சேலத்தில் நாங்கள் முதலில் பார்த்த வழக்கறிஞர் மோட்டார் விபத்து வழக்கு நடத்துபவர். இது தமக்குப் பழக்கமில்லை என்று நேர்மையாகச் சொல்லி, சென்னையில் கப்பல் வழக்குகளைக் கவனிக்கும் ஒருவரிடம் அனுப்பினார். அவர் விளக்கிய பிறகுதான் எங்களுக்கு விஷயம் புரிந்தது. இந்தியா 2015-இல் ஏற்ற, பனாமாவும் ஏற்றிருக்கிற 2006-ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில், 16 வாரம் என்பது சிகிச்சைச் செலவுக்கும் சம்பளத்துக்கும் நாடுகள் வைக்கக்கூடிய குறைந்தபட்ச வரம்பு மட்டுமே. நிரந்தர ஊனத்துக்குப் பணி ஒப்பந்தத்தில் சொல்லியிருக்கும் இழப்பீடு அதனோடு முடிந்துபோவதில்லை. கப்பல் வேலையில் பட்ட காயம் என்றால், காயம்பட்டவர் வேண்டுமென்றே செய்த தவறு இருந்தால்தான் உரிமையாளர் விலக முடியும், கவனக்குறைவு அதில் சேராது. ஒப்பந்தத் தொகைக்குக் குறைவாக வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது என்றும், ஊனத்தின் அளவு தெரியும்வரை கஷ்டம் தீர இடைக்காலத் தொகை தர வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது.

அந்த வழக்கறிஞர் முதலில் கேட்டது, இப்படிப்பட்ட இழப்பீட்டுக்கு உரிமையாளர் காப்பீடு எடுத்திருப்பதைக் காட்டும், கப்பலில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டிய சான்றிதழை. நல்லவேளையாக, சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்ததை அவன் முன்பே செல்போனில் படம் பிடித்திருந்தான். ஏஜென்சி வாய் திறக்காத காப்பீட்டு நிறுவனத்தின் பெயரும் முகவரியும் அதில் தெளிவாக இருந்தன. பணி ஒப்பந்தத்தின் நகலோடும் மருத்துவக் காகிதங்களோடும் நேரடியாக அவர்களுக்கே எழுதினோம்; மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும் ஒரு புகார் அனுப்பினோம். இரண்டு மாதத்தில் இடைக்காலத் தொகை வந்தது. எலும்பு கூடிய பிறகு மருத்துவர் ஊன விழுக்காட்டை எழுதித் தர, அதன்படி ஒப்பந்த அட்டவணையில் கண்ட தொகை முழுவதும் கிடைத்தது. அது அந்த 4 லட்சத்தைப் போல் பல மடங்கு.

அந்தக் காகிதம் கையெழுத்தில்லாமல் இன்னும் என் வீட்டு பைலில் இருக்கிறது. சேலம் பக்கத்தில் யாருடைய பிள்ளைக்காவது இப்படி ஒன்று வந்திருந்தால், கொண்டுவாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்க்கலாம்.