வேர்ட்பிரஸ் நிறுவும்போது "தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை" என்ற பிழை

கேள்வி

வணக்கம். பகிர்வு ஹோஸ்டிங் (பலர் ஒரே சர்வரைப் பகிரும் சேவை) ஒன்றில், இணையதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸை முதன்முறையாக நானே நிறுவுகிறேன். ஹோஸ்டிங்கின் கட்டுப்பாட்டுப் பலகமான சிபேனலில் ஒரு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தையும் ஒரு பயனரையும் உருவாக்கி, அந்தப் பெயர்களையும் கடவுச்சொல்லையும் நிறுவல் படிவத்தில் கொடுத்தேன். ஹோஸ்ட் என்ற கட்டத்தில் ஏற்கெனவே இருந்த லோக்கல்ஹோஸ்ட்டை (அதே சர்வர் என்று பொருள்) மாற்றவில்லை. சமர்ப்பித்தவுடன் தரவுத்தளத்தைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை என்று பிழைச்செய்தி வருகிறது. கடவுச்சொல்லை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. இன்னொரு ஐயமும் உண்டு. தரவுத்தளத்தை உலாவியில் பார்க்க உதவும் பிஎச்பிமைஅட்மினில், இதன் கொலேஷன் (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் விதி) லத்தீன்1_ஸ்வீடிஷ்_சிஐ என்று காட்டுகிறது. தளம் முழுவதும் தமிழில் இருக்கப்போவதால், இதை அப்படியே விடலாமா?

மறுமொழி 1

கடவுச்சொல்லில் கோளாறு இல்லை என்பதை அந்தப் பிழைச்செய்தியே சொல்லிவிடுகிறது. பயனர்பெயரோ கடவுச்சொல்லோ தவறாக இருந்தால் சர்வர் உள்ளேயே விட்டிருக்காது; தரவுத்தள இணைப்பை ஏற்படுத்த முடியவில்லை என்ற வேறொரு செய்தி வந்திருக்கும். உங்களுக்கு இணைப்பு கிடைத்துவிட்டது, குறிப்பிட்ட தரவுத்தளம்தான் திறக்கவில்லை.

முதலில் பெயரைப் பாருங்கள். பகிர்வு ஹோஸ்டிங்கில் கணக்கின் பெயரும் ஓர் அடிக்கோடும் முன்னொட்டாகச் சேர்க்கப்படுவது வழக்கம். கணக்கு அகரம், நீங்கள் இட்ட பெயர் தளம் என்றால், படிவத்தில் அகரம்_தளம் என்றே கொடுக்க வேண்டும். பயனர்பெயருக்கும் இது பொருந்தும். பெயர் சரியென்றால், பயனரைத் தரவுத்தளத்தோடு இணைத்தீர்களா என்று பாருங்கள். இரண்டையும் உருவாக்கினாலே போதும் என்று பலரும் நின்றுவிடுகிறார்கள், ஆனால் மைஎஸ்க்யூஎல்லைப் பொறுத்தவரை உரிமை வழங்கப்படாத பயனருக்கு அந்தத் தரவுத்தளம் இல்லாததற்குச் சமம். சிபேனலின் மைஎஸ்க்யூஎல் பக்கத்தில், தரவுத்தளத்தில் பயனரைச் சேர்க்கும் பகுதி தனியாக இருக்கிறது. அங்கே இரண்டையும் தேர்ந்தெடுத்து, அடுத்த திரையில் அனைத்து உரிமைகளையும் கொடுங்கள். அந்த உரிமை அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டுமே என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. தனி சர்வர் வைத்திருப்பவர்கள் இதே வேலைக்கு, எல்லாத் தரவுத்தளங்களிலும் முழு உரிமை உள்ள ரூட் பயனரைக் கொடுப்பதுதான் உண்மையில் ஆபத்து.

மறுமொழி 2

கொலேஷனை இப்போதே மாற்றிவிடுங்கள். வேர்ட்பிரஸ் தன் அட்டவணைகளை உருவாக்கும்போது எழுத்துக்குறியீட்டை (எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் முறை; கொலேஷன் பெயரின் முதல் பகுதி இதைத்தான் குறிக்கிறது) தானே குறிப்பிட்டுவிடுவதால் பதிவுகளுக்குச் சிக்கல் வராது. ஆனால் அதைக் குறிப்பிடாமல் அட்டவணை உருவாக்கும் செருகுநிரல்களும் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்கள்) உண்டு. அவை தரவுத்தளத்தின் இயல்பிருப்பையே எடுத்துக்கொள்ளும். லத்தீன்1 அட்டவணையில் தமிழுக்கு இடமே இல்லை. எழுதியதெல்லாம் வெறும் கேள்விக்குறிகளாகச் சேமிக்கப்பட்டுவிடும், பிறகு எந்த மாற்றியாலும் மீட்க முடியாது.

தேர்ந்தெடுக்க வேண்டியது யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_சிஐ. மைஎஸ்க்யூஎல்லில் பழைய யுடிஎஃப்8 என்பது ஓர் எழுத்துக்கு 3 பைட்டுகள் வரைதான் ஏற்கும். தமிழ்க் குறியீடுகள் ஒவ்வொன்றும் சரியாக 3 பைட் என்பதால் அதிலும் தமிழ் தப்பிவிடும், ஆனால் 4 பைட் தேவைப்படும் எமோஜி ஒன்றை வாசகர் கருத்தில் இட்டால் அது நிற்காது. வேர்ட்பிரஸ் 2015இல் வந்த 4.2 பதிப்பிலேயே யுடிஎஃப்8எம்பி4க்கு மாறியது.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. முன்னொட்டு சரியாகவே இருந்தது, பயனரைத்தான் இணைக்கவில்லை. கொலேஷனையும் மாற்றியபின் நிறுவல் முடிந்தது. ஆனால் வேர்ட்பிரஸ் உருவாக்கிய அட்டவணைகளுக்கு எதிரே யுடிஎஃப்8எம்பி4_யூனிகோட்_520_சிஐ என்று காட்டுகிறது. நான் கொடுத்ததிலிருந்து வேறுபடுவதால் ஏதேனும் தொல்லை வருமா?

மறுமொழி 2 எழுதியவர்

வராது. எழுத்துக்குறியீடு இரண்டிலும் ஒன்றே. 520 என்பது வரிசைப்படுத்தும் விதியின் புதிய பதிப்பு. சர்வர் அதை ஆதரித்தால் வேர்ட்பிரஸ் தானாகவே தேர்ந்தெடுக்கும். கான்ஃபிக் கோப்பில் கொலேஷனுக்கான வரி வெற்றாக இருக்கும், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.