மறுமொழி: டீகாய், ஜாமர், சாஃப், ஃபிளேர் – எதற்கு எந்தச் சொல்?

வணக்கம் நண்பர்களே,

நம் வான்போர் சிமுலேட்டர் (கணினி விளையாட்டு) கையேட்டுக்கான தமிழ்ச் சொற்பட்டியல் பற்றி இந்த இழையில் வந்த கேள்விகளுக்கு என் பதில் இது. டீகாய் என்பது எதிரியின் ரேடாருக்கு விமானம் போலத் தெரியும் பொய் இலக்கு; ஜாமர் என்பது ரேடாரைக் குழப்ப அலைகளை அனுப்பும் கருவி.

> டீகாய், ஜாமர் இரண்டுமே எதிரியை ஏமாற்றத்தானே? ‘ஏமாற்றி’ என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டால் போதாதா?

போதாது என்றுதான் நினைக்கிறேன். வான்போர் சிமுலேட்டர் கையேட்டில் இந்தச் சொல்லைப் போட்டு நான்கு பத்தி எழுதிப் பார்த்தேன். ஐந்தாவது பத்தியில் எனக்கே எது எது என்று தெரியவில்லை.

டீகாய் ‘இதோ இருக்கிறேன்’ என்று ஓர் இடத்தைக் காட்டுகிறது. ஜாமர் எந்த இடமும் எதிரிக்குத் தெரியாதபடி செய்துவிடுகிறது. முன்னதைப் பயன்படுத்தும்போது எதிரியின் ரேடார் நன்றாக வேலை செய்ய வேண்டும், ஆனால் தப்பான பொருளைப் பார்க்க வேண்டும். பின்னதில் ரேடார் வேலையே செய்யக் கூடாது. இரைச்சலைக் கொட்டிக்கொண்டே டீகாயை அனுப்பினால், நம் இரைச்சலில் நம் டீகாயே மூழ்கிப்போகலாம். புதிதாக ஆடுகிறவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான்: இருக்கிற பொத்தானையெல்லாம் ஒரே நேரத்தில் அழுத்துவது. ஒரே சொல்லை வைத்தால் அந்தப் பழக்கத்துக்கு நாமே பெயர் சூட்டியதாகிவிடும்.

சரி, டீகாய்க்கு வருவோம். தமிழில் இதற்குப் பழைய சொல் ஒன்று உண்டு: பார்வை. வேட்டுவர் பழக்கி வைத்து, காட்டு விலங்கை இழுக்கப் பயன்படுத்தும் விலங்குக்கு அதுதான் பெயர். புறநானூறு 320இல் வேட்டுவன் தூங்கிக்கொண்டிருக்க, அவன் வீட்டு முற்றத்தில் நிற்கும் ‘பார்வை மடப்பிணை’யோடு ஒரு கலைமான் வந்து விளையாடுகிறது. எனக்கு ஆசைதான். ஆனால் இன்றைக்கு ‘எதிரியின் பார்வையில் படும்படி பார்வையை விடு’ என்று எழுதினால் யாருக்குப் புரியும்? ‘பார்வைப்பொறி’ என்றால் கண் என்று பொருளாகிவிடும். ‘மாயமான்’ அழகுதான், ஆனால் இறக்கையில் இரண்டு மாயமான் மாட்டியிருக்கிறது என்று எழுதக் கை வரவில்லை.

நான் முன்வைப்பது இலக்குப்போலி, சுருக்கமாக, போலி. இலக்கணத்தில் எழுத்துப்போலி படித்திருக்கிறோம்: ஓர் எழுத்தின் இடத்தில் இன்னோர் எழுத்து வந்து நிற்கும், சொல்லின் பொருள் மாறாது. விமானத்தின் இடத்தில் வேறொன்று வந்து நிற்கிறது, ரேடாருக்குப் பொருள் மாறுவதில்லை. (மேலே சொன்ன புறப்பாட்டிலேயே பந்தல் ‘பந்தர்’ என்று போலியாக நிற்கிறது. தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்திருக்கிறது.) வானொலியில் கத்தவும் வசதி. ‘போலி விடு!’ என்பது ஒரு மூச்சில் முடிந்துவிடும்.

> போலி என்றால் தப்பிப்பதற்கு மட்டும் என்று ஆகிவிடாதா? இழுப்பதற்கும் டீகாய் உண்டே.

நியாயமான கேள்வி. 1982 ஜூன் 9 அன்று லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில் இஸ்ரேல் ஆளில்லா விமானங்களைப் போலிகளாக அனுப்பியது. சிரியாவின் ஏவுகணைத் தளங்கள் அவற்றைக் குறிவைக்க ரேடாரைப் போட்டதும் அந்தத் தளங்கள் இருக்கும் இடம் தெரிந்துபோயிற்று. தாக்குதல் அதற்குப் பிறகுதான். 1991 வளைகுடாப் போரின் தொடக்கத்தில் அமெரிக்கர்கள் டால்டு என்ற எஞ்சினில்லாத சறுக்குப் போலிகளை வைத்து இதையே செய்தார்கள். இவை புறநானூற்று மானுக்குத்தான் நெருங்கிய உறவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பொருள் அதேதான், பயன்படுத்தும் விதம்தான் வேறு. அதனால் பெயரை மாற்றாமல் வினையை மாற்றலாம்: தப்பிக்கும்போது ‘போலி விடுதல்’, எதிரியின் ரேடாரை வாய் திறக்க வைக்கும்போது ‘போலி காட்டி இழுத்தல்’. சிமுலேட்டரில் இரண்டாவதைச் செய்கிறவர்களுக்கு நேரம்தான் முக்கியம். போலி முன்னே போய், எதிரியின் ரேடார்கள் இயங்கத் தொடங்கும்போது, அவற்றை நோக்கிப் போகும் ஏவுகணை ஏற்கெனவே காற்றில் இருக்க வேண்டும். போலி போய்ச் சேர்ந்து ஐந்து நிமிடம் கழித்து நாம் வந்தால் அது வீண்.

அடுத்தது சாஃப், அதாவது ரேடாரைக் குழப்ப விமானத்திலிருந்து தூவும் உலோகப் பட்டைகள். இதற்கு ‘பதர்’ என்று ஒருவர் சொன்னதற்கு ‘வெறும் மொழிபெயர்ப்பு’ என்று இன்னொருவர் மறுத்திருந்தார். இதில் நான் பதர் கட்சி. பிரிட்டன் இதை முதன்முதலில் 1943 ஜூலை 24 இரவு ஹாம்பர்க் மீது கொட்டியபோது ‘ஜன்னல்’ என்று பெயர் வைத்திருந்தது. ஜெர்மானியர்கள் ‘டூப்பல்’ என்றார்கள். இரண்டு பெயருக்கும் பொருளோடு ஒட்டில்லை. பதருக்கு உண்டு: நெல் மாதிரி இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. அன்றைய ஜெர்மன் வூர்ட்ஸ்பர்க் ரேடாரின் அலைநீளம் சுமார் 53 செ.மீ.; கொட்டிய தாள்பட்டைகளின் நீளம் சுமார் 27 செ.மீ. அலைநீளத்தில் பாதி நீளமுள்ள உலோக இழை அலையை வலுவாகத் திருப்பியடிக்கும். திரையில் நெல்லும் பதரும் ஒன்றாகத்தான் தெரிந்தன.

பொருளின் வேகத்தையும் அளக்கும் இன்றைய டாப்ளர் ரேடார் செய்வது, நெல்லைப் பதரிலிருந்து பிரிக்கும் தூற்றுதல். பதர் விமானத்தை விட்டு வெளியே வந்ததும் வேகம் செத்துக் காற்றோடு போய்விடும். விமானம் ஓடிக்கொண்டே இருக்கும். வேகத்தைப் பார்த்தே ரேடார் இரண்டையும் பிரித்துவிடும். ஆகவே எதிரியை நோக்கி நேராகப் போய்க்கொண்டு பதர் தூவுவதில் பெரிய பயனில்லை. ரேடாருக்குப் பக்கவாட்டாகத் திரும்பி, நெருங்கும் வேகத்தைச் சுழியமாக்கினால் நாமும் நிலத்தைப் போல, பதரைப் போலத் தெரிவோம். எதிரியைவிடத் தாழ்வாக இருந்து, நமக்குப் பின்னால் தரை இருந்தால் இன்னும் நல்லது. அந்த நேரத்தில் தூவும் பதருக்குத்தான் மதிப்பு.

இந்தத் திருப்பத்துக்கு ‘பள்ளம்’ என்று பட்டியலில் இருக்கிறது. ‘நாட்ச்’ என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். ‘ஏவுகணை வருகிறது, பள்ளத்தில் போ’ என்று சொன்னால் ஆடுகிறவர் பள்ளத்தாக்கைத் தேடுவார். குறுக்கோட்டம் என்று வைக்கலாம். செய்ய வேண்டியதைப் பெயரே சொல்கிறது.

வெப்பத்தைத் தேடி வரும் ஏவுகணையை ஏமாற்ற விமானம் எரித்து விடும் ஃபிளேருக்குச் ‘சுடர்’ போதும், அதிகம் விவாதிக்க ஒன்றுமில்லை. கையேட்டில் மட்டும் ஒரு வரி சேர்க்க வேண்டும்: சுடர் விடும் முன் ஆஃப்டர்பர்னரை (கூடுதல் உந்துதலுக்காக எஞ்சினின் பின்புறம் எரிபொருளை எரிக்கும் அமைப்பு) அணை. நம் எஞ்சின் சுடரைவிடப் பிரகாசமாக எரிந்தால் போலிக்கு என்ன வேலை? உருவத்தையே பார்க்கும் புதிய ஏவுகணைத் தலைகளிடம் சுடரும் பெரிதாகப் பலிக்காது.

ஜாமர்தான் கடினம். ‘அலைத்தடுப்பி’, ‘அலைமறிப்பி’ இரண்டும் தவறான படத்தைக் கொடுக்கின்றன. ஜாமர் எதையும் தடுப்பதில்லை. எதிரியின் அலை நம்மேல் பட்டுத் திரும்பிப் போகத்தான் செய்கிறது. அதைவிட உரக்க நாம் கத்துகிறோம், அவ்வளவுதான். தடுப்பி என்று பெயர் வைத்தால், போட்டுவிட்டால் பாதுகாப்பு என்று நினைத்து முன்னேறுவார்கள். என் தேர்வு அலைக்குழப்பி. இரைச்சல் போடுகிற வகைக்கு இரைச்சல் குழப்பி, பொய் எதிரொலி அனுப்புகிற வகைக்கு எதிரொலிக் குழப்பி என்று பிரித்துக்கொள்ளலாம்.

இரைச்சல் குழப்பியின் எல்லைக்கும் ஒரு சொல் தேவை. ரேடார் அலை போய்த் திரும்ப வேண்டும், அதனால் எதிரொலியின் வலு தொலைவின் நான்காம் மடியில் குறைகிறது. நம் இரைச்சல் ஒருவழிதான், இரண்டாம் மடியில் குறைகிறது. தொலைவு பாதியானால் எதிரொலி 16 மடங்கு ஏறும், இரைச்சல் 4 மடங்குதான். நெருங்க நெருங்க எதிரொலி மேலே வந்துவிடும். அது இரைச்சலை மீறும் தொலைவை மீறுதொலைவு என்கிறேன். ஆங்கிலத்தின் ‘பர்ன்-த்ரூ’வைப் பெயர்த்து ‘எரித்து ஊடுருவல்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். அதைப் படித்தால் தீயணைப்பு வண்டியைத்தான் கூப்பிடத் தோன்றுகிறது.

மீறுதொலைவுக்கு வெளியே இருந்தாலும் இரைச்சல் நம் திசையைக் காட்டிக்கொடுக்கும். அமெரிக்காவின் ஆம்ராம் போன்ற, ரேடார் வழிகாட்டும் ஏவுகணைகள் அந்த இரைச்சலைப் பிடித்துக்கொண்டே வரக்கூடியவை. இதற்கு ‘இரைச்சல்பற்றி’ சரியாக இருக்குமா? எனக்கு முழுத் திருப்தி இல்லை.

கடைசியாக, எதிரொலிக் குழப்பியின் முக்கியமான வித்தை ஒன்று மிச்சமிருக்கிறது. எதிரியின் துடிப்பை நகலெடுத்து, முதலில் அதே நேரத்தில், ஆனால் வலுவாகத் திருப்பி அனுப்பும். ரேடார் அதைப் பிடித்துக்கொண்டதும் நகலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தும். ரேடாரின் கவனம் நகலோடு நகர்ந்து, விமானத்தை விட்டுத் தூரம் போனதும் நகல் நின்றுவிடும். ரேடார் கையில் ஒன்றும் இருக்காது. பட்டியலில் இதற்கு, ‘ரேஞ்ச் கேட் புல்-ஆஃப்’ என்பதை அப்படியே பெயர்த்து, ‘வீச்சுவாயில் இழுப்பு’ என்று இருக்கிறது. யாருடைய வாயில் எதை இழுப்பது என்று கேட்பார்கள். ‘தடம் இழுத்தல்’ என்று தற்காலிகமாகப் போட்டு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள், மாற்றிவிடுகிறேன்.