கொய்யாவுக்குக் கவாத்து: மழைக்கு முன்பா, மாசியிலா?

உடுமலை அருகே செம்மண் காட்டில் சொட்டுநீரில் வளரும் எங்கள் 6 வயது லக்னோ-49 ரகக் கொய்யா மரங்கள், இரண்டு ஆண்டுகளாக உச்சியில் மட்டுமே காய்க்கின்றன. உள்கிளைகள் வெயில் படாமல் காய்ந்து, இலையடியில் மாவுப்பூச்சி வெள்ளையாக அப்பிக் கிடக்கிறது. போத்துகளை (நேராகக் கிளம்பும் வீண் கிளைகளை) அகற்றி, கிளைகளை வளைத்துக் கட்டி, தொழுவுரத்தையும் கூட்டிப் பார்த்தோம். தழை பெருகியதே தவிர, உட்புறத்தில் பூ பிடிக்கவில்லை.

கொய்யா புதுத் தளிரில்தான் பூக்கும் என்பதால், செப்டம்பர்-அக்டோபரிலும் பிப்ரவரி-மார்ச்சிலும் கிளை நுனியை 10 முதல் 15 செ.மீ. வெட்டிக் கவாத்து செய்வது வழக்கம். ஆனால் சென்ற ஐப்பசியில் வெட்டிய கிளைகள், போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சைக் காப்பு) தடவியிருந்தும், அடைமழையில் வெட்டுவாய் கறுத்து ஒரு சாண் வரை பட்டுப்போயின. காய்ப்புக்கு வந்த மரங்களை இழக்க மனமில்லை.

எங்கள் பகுதியில் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே, ஆவணிக் கடைசியில் கவாத்து செய்துவிடலாமா, அல்லது மாசி வரை பொறுத்திருப்பதே மரத்துக்கு நல்லதா?