முகப்புத் தூண் கொக்குக் கால் மாதிரி தெரிகிறது, அளவில் தப்பா?

சத்துவாச்சாரிவாசி:
புது வீட்டு முகப்பில் இரண்டு மாடி உயரத்துக்கு நாலு உருண்டைத் தூண், உச்சியில் இலை வேலைப்பாடு, கொரிந்தியன் மாடலாம். உயரம் 20 அடி, தடிமன் 1 அடி. படத்தில் அரண்மனை மாதிரி இருந்தது, சென்ட்ரிங் பிரித்துப் பார்த்தால் கொக்குக் கால். கொத்தனார் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். சரி, தப்பு என்று எதை வைத்துச் சொல்வது?

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
பெயின்ட் தடிமனைக் கூட்டாது தம்பி. தூணின் உயரத்தை அடிப்பக்க விட்டத்தால் வகுத்துப் பாருங்கள். பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிய கணக்கில், டோரிக் என்ற அலங்காரம் குறைந்த தூண் 7 மடங்கு, உச்சியில் சுருள் வைத்த அயோனிக் அதைவிட ஒல்லி. கொரிந்தியன்தான் எல்லாவற்றிலும் ஒல்லி, அதையே பிற்காலத்து இத்தாலிக்காரர்கள் 10 மடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்களுடையது 20! இடைவெளிக்கும் கணக்கு உண்டு. இரண்டேகால் விட்டம்தான் அழகு, மூன்று விட்டம் விட்டால் மேலே கிடக்கும் கல் உத்தரம் உடையும் என்கிறார் விட்ருவியஸ். கல் உடையுமே என்ற பயத்தில் வந்த அளவு அது, கண் அதற்கே பழகிவிட்டது. இன்று உள்ளே கம்பி இருப்பதால் 1 அடித் தூண் நிற்கும்தான், ஆனால் பார்க்கிறவனுக்குக் கம்பி தெரியாதே.

கோட்டைப்பக்கம்:
ஒரு சாயங்காலம் நம் வேலூர்க் கோட்டை ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து பாருங்கள் நண்பரே. யாளியும் குதிரையும் ஏறிக்கொண்ட அந்தக் கல் தூண்களுக்கு ஓவர்சியர் சார் சொல்கிற ரோமானியக் கணக்கு எதுவும் கிடையாது, நம் சிற்ப நூல்களின் அளவு வேறு. ஆனாலும் மேலே இருக்கிற பாரத்தை இது தாங்கும் என்று பார்த்ததுமே மனசுக்குப் படும். அப்புறம், உங்கள் தூணை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்து முடிவெடுக்காதீர்கள், எதிர்வீட்டுப் படியில் நின்று பாருங்கள்.

காட்பாடிக்காரன்:
இந்த வெயிலுக்கு எதற்குங்க ரோமாபுரித் தூண்? ஒரு தாழ்வாரமும் திண்ணையும் போட்டிருந்தால் நிழலாவது கிடைத்திருக்கும்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்:
நின்ற தூணை இடிக்கச் சொல்லாதீர்கள். இன்ஜினியரிடம் கேட்டு அடியில் ஆதாரம் கொடுத்து, சுற்றி நாலரை அங்குலச் செங்கல் கட்டினால் விட்டம் 21 அங்குலம், விகிதம் 11 சொச்சம். இல்லையென்றால் முதல் மாடி மட்டத்தில் ஒரு பால்கனி இழுத்து, உயரத்தை இரண்டாக வெட்டுங்கள்.

சத்துவாச்சாரிவாசி:
டேப் வைத்துப் பார்த்தேன் சார், இடைவெளியே 9 அடி, அதாவது 9 விட்டம். எதிர்வீட்டுப் படியிலும் நின்றேன், அங்கிருந்து இன்னும் மோசம். பால்கனி போட்டுவிடுகிறேன், உச்சியில் இருக்கிற இலையையும் கொத்தி எடுத்துவிடச் சொல்லியாயிற்று.