சந்தானாவின் 'கேரவன்செராய்': எந்த கிட்டார் யாருடையது?

நண்பர்களே, காது பழகியவர்கள் உதவ வேண்டும். சந்தானா இசைக்குழுவின் நான்காவது ஸ்டுடியோ ஆல்பம் 'கேரவன்செராய்', 1972. சில்வண்டு சத்தத்தில் தொடங்கி, சாக்ஸபோன் மெல்ல நுழைந்து, பாட்டே பெரிதாக இல்லாமல் ஜாஸ் பக்கம் நகர்ந்துபோகும் இசைத்தட்டு அது. முந்தைய ஆல்பங்களின் ஹிட்டுகளை எதிர்பார்த்து வருபவர்களுக்கு முதலில் பிடிபடாது, ஆனால் என்னைக் கேட்டால் அவர்கள் செய்ததிலேயே சிறந்தது இதுதான்.

அதில் 'சாங் ஆஃப் த விண்ட்' என்ற பகுதியில் கார்லோஸ் சந்தானா, நீல் ஷோன் இருவருமே கிட்டார் வாசிக்கிறார்கள். ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் எடுப்பதால் எங்கே கை மாறுகிறது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. நீட்டி இழுக்கும் சுரங்கள் கார்லோஸ், வேகமான ஓட்டங்கள் ஷோன் என்று நினைக்கிறேன், சரியா? நிமிடக் கணக்கோடு யாராவது சொன்னால் பெரிய உதவி.

அப்புறம், ஷோனும் ஆர்கன் வாசித்த கிரெக் ரோலியும் இதற்குப்பின் விலகி 'ஜர்னி' என்ற ராக் இசைக்குழுவைத் தொடங்கினார்கள் அல்லவா, அந்தக் காலத்தைப் பற்றி அவர்களே பேசிய நல்ல பேட்டி இருந்தாலும் சொல்லுங்கள்.